படகு விடுற ஏரிக்குக் கலிங்கு எங்கே இருக்கு?

கொடைக்கானல் போகிறவர்கள் வெள்ளி நீர்வீழ்ச்சியில் இறங்காமல் போவது அபூர்வம். வண்டியை ஓரங்கட்டி, சுட்ட சோளம் ஒன்று வாங்கிக் கடித்து, குடும்பத்தோடு செல்ஃபி எடுத்துவிட்டுத்தான் மேலே ஏறுவோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மேலே நாம் படகு விடும் கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற உபரிநீர்தான் அது.

அந்த ஏரியும் இயற்கையாக அமைந்தது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர், 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. செலவுக்குத் தன் சொந்தப் பணத்தைப் போட்டார் என்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார். வயலுக்கும் குடிக்கவும் வெட்டின ஏரிகளே நமக்குத் தெரியும். பார்த்து ரசிக்கவும் படகு விடவும் ஒருவர் கைக்காசில் ஏரி கட்டியது புதுசு.

இந்த வாரம் பேசப்போவது அப்படிப்பட்ட ஏரிகளைப் பற்றித்தான். அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தண்ணீரைத் தேக்கினால் அந்தக் கரைக்கு யார் பொறுப்பு? கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

காட்டூரில் இருக்கும் எனக்கு இது தூரத்துச் சமாச்சாரமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் திருச்சிக்காரர்கள் கிளம்புவது முக்கொம்புக்கும் கல்லணைக்கும்தான். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதை ஊரே போய் நின்று பார்த்தது. அது கல் கட்டுமானம், அரசாங்கத்துடையது. தண்ணீரும் அகலமான கொள்ளிடத்தில் போய்விட்டது. அதுவே மண் கரையாக இருந்து, தனியாருக்குச் சொந்தமாக இருந்து, கீழே ஒடுக்கமான பள்ளத்தாக்கில் ஒரு நகரமும் இருந்திருந்தால்?

அப்படி ஒரு ஏரி இருந்தது.

மண் கரைக்கு எது எமன்?

கதைக்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை. ஏரி என்றால் மூன்று உறுப்பு: கரை, மதகு, கலிங்கு. கரை தண்ணீரைத் தாங்கும். மதகு, வேண்டியபோது அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும். கலிங்கு, ஏரி நிரம்பியபின் மிச்சத்தைப் பத்திரமாக வெளியே தள்ளும். 'ஏரி கலிங்கு பாயுது' என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊருக்கே அது நல்ல சேதி.

கலிங்கு வேலை செய்யாவிட்டால் தண்ணீர் கரையின் தலைக்கு மேல் ஏறி வழியும். கல் அணையாக இருந்தால் ஓரளவு தாங்கும். மண் கரை தாங்காது. வழிகிற தண்ணீர் பின்பக்கச் சரிவை அரித்துக்கொண்டே வரும், கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்துவிடும். இன்னொரு எமன் உள்ளிருந்து வருவது. எலி வளை, நண்டு வளை, பட்ட மரத்தின் வேர் விட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து, மண்ணையும் சேர்த்து இழுத்துவரும். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணிக்க அவகாசம் உண்டு. கலங்கலாக வந்தால் கரையின் வயிற்றுக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது கதைக்கு வருவோம்.

கோடீஸ்வரர்களின் ஏரி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் இரும்பு ஆலை நகரம். அதற்கு மேலே மலையில், சுமார் 14 மைல் தள்ளி, சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் மாநில அரசு ஒரு மண் அணை கட்டியது. 1838-ல் தொடங்கி 1853-ல் முடிந்தது. படகுப் போக்குவரத்துக் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டியது. கட்டி முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது, கால்வாய்க்கு வேலையில்லாமல் போனது. அணையை ரயில்வே கம்பெனி வாங்கியது. கவனிப்பார் இல்லாமல் 1862-ல் ஒருமுறை உடைந்தது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் கீழே பெரிய சேதமில்லை.

பிறகு அணை கை மாறியது. இடையில் வாங்கியவர், அடியில் தண்ணீர் திறக்கப் பதித்திருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நம் பாஷையில் சொன்னால், ஏரிக்கு மதகே இல்லாமல் போனது.

1879-ல் பெஞ்சமின் ரஃப் என்பவர் அதை வாங்கி, பிட்ஸ்பர்க் பணக்காரர்களுக்காக ஒரு மீன்பிடி, வேட்டை கிளப் ஆரம்பித்தார். உறுப்பினர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. எஃகு சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னகி, நிலக்கரி முதலாளி ஹென்றி கிளே ஃப்ரிக், வங்கி அதிபர் ஆண்ட்ரூ மெலன் என்று அமெரிக்காவின் பெரும்பணக்காரர்கள். ஏரி சுமார் 2 மைல் நீளம், அணைக்கருகில் 60 அடிக்கு மேல் ஆழம். கரையோரம் பங்களாக்கள், ஏரியில் பாய்மரப் படகுகள், ஏரி நிறைய வாங்கி விட்ட மீன்கள். ஒரு குறையும் இல்லை.

குறை, அணையில் இருந்தது. கிளப் செய்த, செய்யாமல் விட்ட நாலு காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, பிடுங்கிய குழாய்களுக்குப் பதில் புதிதாக எதையும் வைக்கவில்லை. ஆக, ஏரியின் மட்டத்தைக் குறைத்துக் கரையைப் பழுது பார்க்க வழியே இல்லை.

இரண்டாவது, 1862-ல் உடைந்த இடத்தை மண், கல், செடிகொடி, வைக்கோல், குதிரைச் சாணம் வரைக்கும் போட்டு அடைத்தார்கள். நாளடைவில் கரையின் நடுப்பகுதி தாழ்ந்துபோனது.

மூன்றாவது, அணை மேல் குதிரை வண்டிகள் எதிரெதிரே போக அகலம் போதவில்லை என்று கரையின் தலையைச் சுமார் 2 முதல் 3 அடி வரை வெட்டி இறக்கினார்கள்.

நான்காவது, காசு கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் தப்பித்துப் போகக்கூடாது என்று கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பி வலை அடித்தார்கள். இலை, கிளை, குப்பை எல்லாம் அங்கே அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். செலவு மிச்சம், வண்டிக்கு வசதி, மீனுக்குக் காவல். நான்கும் சேர்ந்தபோது அணைக்கு மூச்சுவிட வழியில்லை.

யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். ஜான்ஸ்டவுன் இரும்பு ஆலையின் தலைவர் டேனியல் மோரல் 1880-லேயே ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் இறக்கக் குழாய் இல்லை, அடைப்பு சரியில்லை, பெரிய கசிவு இருக்கிறது என்று அவர் எழுதிக்கொடுத்தார். உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று ரஃப் பதில் போட்டார். பழுது பார்க்கும் செலவில் பங்கு தருகிறேன் என்றுகூட மோரல் சொன்னார். அதையும் கிளப் ஏற்கவில்லை. 1885-ல் மோரல் காலமானார், 1887-ல் ரஃப். கடிதங்கள் கோப்பில் கிடந்தன. அணை அப்படியே நின்றது.

57 நிமிடம்

1889 மே 30 இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது மழை. 31-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, கிளப் தலைவர் எலியாஸ் உங்கர் எழுந்து பார்த்தபோது ஏரி கரையின் தலையைத் தொட ஏறிக்கொண்டிருந்தது. ஆட்களைத் திரட்டி ஒரு பக்கம் கரையை உயர்த்தப் பார்த்தார், இன்னொரு பக்கம் புதிதாக வாய்க்கால் வெட்டப் பார்த்தார். கடைசியில் அந்த மீன் வலையையும் எடுக்க முயன்றார்கள். குப்பை இறுகி அடைத்திருந்ததால் முடியவில்லை. ஜான் பார்க் என்ற இளம் பொறியாளர் குதிரையேறிப் போய்க் கீழே தந்தி அனுப்பச் சொன்னார். தந்தி போனது. ஆனால் 'அணை உடையப்போகிறது' என்ற புரளி அந்த ஊருக்கு வருஷா வருஷம் வருவதுதான். கேட்டவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிற்பகல் 3 மணியை ஒட்டி அணை உடைந்தது. சுமார் 2 கோடி டன் தண்ணீர்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். முக்கொம்பிலிருந்து காட்டூர் வரைக்குமான தூரத்தை மனதில் வையுங்கள். அணைக்கும் ஜான்ஸ்டவுனுக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். உயரம்? நம் மலைக்கோட்டை 83 மீட்டர். அந்த ஏரியோ நகரத்தைவிடச் சுமார் 450 அடி, அதாவது மலைக்கோட்டையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து சரிந்த தண்ணீர் வழியில் இருந்த வீடு, மரம், பாலம், ரயில் பெட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு 57 நிமிடத்தில் நகரத்துக்குள் நுழைந்தது.

பொன்மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இந்தக் கதையில் உண்டு. ஜான் ஹெஸ் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். வெள்ளத்தின் இரைச்சல் கேட்டதும் எஞ்சின் விசிலை விடாமல் ஒலிக்கும்படி கட்டிவைத்துவிட்டு, வெள்ளத்துக்கு முன்னால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தம் கேட்டு மேடேறிப் பிழைத்தவர்கள் பலர்.

இறந்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 750-க்கும் மேற்பட்ட உடல்கள் யாருடையவை என்றே தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டன. ரயில்வே கல் பாலத்தில் போய்க் குவிந்த இடிபாடுகளில் தீப்பிடித்து, வெள்ளத்தில் தப்பியவர்களிலும் பலர் அதில் மாண்டார்கள். நிவாரணத்துக்கு வந்த செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் 5 மாதம் அங்கேயே தங்கினார்.

கடவுள் செயலா, மனிதர் செயலா?

வழக்கு போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்பாராத மழை, தெய்வச் செயல் என்று முடிந்துபோனது. கிளப் என்ற பெயரில் சொத்தும் பெரிதாக இல்லை. உறுப்பினர்கள் நிவாரண நிதி கொடுத்தார்கள். கார்னகி நூலகம் கட்டிக் கொடுத்தார். பொறுப்பு என்று யாரும் ஏற்கவில்லை.

அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1891-ல் வெளியிட்ட அறிக்கை, கிளப் எந்த மாற்றமும் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த மழைக்கு அணை உடைந்திருக்கும் என்றது. நூறு ஆண்டுக்கு மேல் அதுவே பேச்சாக இருந்தது. 2016-ல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டார்கள். கரையைத் தாழ்த்தியதால் வெள்ளத்தை வெளியேற்றும் திறன் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது, முதலில் கட்டியபடியே விட்டிருந்தால் அன்றைய மழையை அணை தாங்கியிருக்கும் என்பது அவர்கள் முடிவு. குதிரை வண்டிக்காக வெட்டின அந்த இரண்டு மூன்று அடி!

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திராவின் சித்தூர் பக்கம் இருக்கும் கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் பெருமழையில் உடைந்து, மெட்ராஸ் ரயில்வே பாதைக்குச் சேதம் ஏற்பட்டது. ஜமீன்தார் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரயில்வே வழக்கு போட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1874-ல் தீர்ப்பு வந்தது.

ரயில்வே நம்பியிருந்தது 1868-ல் இங்கிலாந்தில் வந்த ரைலாண்ட்ஸ் - ஃபிளெட்சர் வழக்கின் தீர்ப்பை. அங்கே ஓர் ஆலை முதலாளி தன் நிலத்தில் கட்டின நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்தது. உன் வசதிக்காக ஆபத்தான ஒன்றை உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தால், அது தப்பி வெளியேறி விளைவிக்கும் நாசத்துக்கு நீயே பொறுப்பு, கவனக்குறைவு இருந்ததா என்ற கேள்வியே தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு.

ஆனால் கார்வேட்டிநகரம் ஜமீன்தாருக்கு அது பொருந்தாது என்றது பிரிவி கவுன்சில். காரணம் முக்கியமானது. இந்த ஏரிகள் காலங்காலமாக மக்களின் விவசாயத்துக்காக இருப்பவை. அவற்றைப் பராமரிக்க வேண்டியது ஜமீன்தாரின் கடமை, விருப்பம் போல் மூடிவிட அவருக்கு உரிமை கிடையாது. ஆகவே கவனக்குறைவு நிரூபணமானால்தான் அவர் பொறுப்பு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். ஊர் சோறு தின்ன ஒரு ஏரி வேண்டும் என்றால், அதன் ஆபத்தையும் ஊர் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம். கரைக்குக் கீழே இருப்பவனுக்கும் அதில் பங்கு தண்ணீர் உண்டு. சிலர் படகு விட, சிலர் மீன் பிடிக்க, சிலர் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய என்று தேக்கும் ஏரியில் கீழே இருப்பவனுக்கு என்ன பங்கு? ஆபத்து மட்டும்தானே! அப்படியென்றால் உரிமையாளரின் பொறுப்பு இன்னும் கனமாக இருப்பதுதானே நியாயம்?

ஏரி போனது, உயிர் போகவில்லை

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈடன்வில் அணை 1920-களில் கட்டிய மண் அணை, ஒரு தனியார் கம்பெனிக்குச் சொந்தம். மின்சாரத்துக்காகக் கட்டியது. அது உண்டாக்கிய விக்சம் ஏரியைச் சுற்றி வீடுகள், படகுத்துறைகள். பெருவெள்ளத்தை வெளியேற்றும் வசதி போதாது, பலமுறை சொல்லியும் சரிசெய்யவில்லை என்று 2018-ல் அதன் மின் உற்பத்தி உரிமத்தை மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ரத்து செய்தது. 2020 மே 19 அன்று பலத்த மழைக்குப் பின் அணை உடைந்தது. தண்ணீர் மேலே வழியக்கூட இல்லை. ஊறிப்போன கரை மண் திடீரென இளகிச் சரிந்தது. கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் உடைந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். வீடுகள் போயின, ஏரி போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1889-ல் நம்பாத தந்திக்கும் 2020-ல் நம்பிய எச்சரிக்கைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அதுதான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை இருந்து நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்குள் வருபவையும் இதில் அடங்கும். உரிமையாளர் என்றால் அரசு மட்டுமில்லை, கம்பெனியும் வரும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்க வேண்டும். உடைந்தால் கீழே உள்ளவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்ற அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும். சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்பட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, அதனால் உயிரிழப்பு ஏற்பட்டால் இரண்டாண்டு வரை. சவுத் ஃபோர்க் அணையின் உயரம் 72 அடி, ஏறக்குறைய 22 மீட்டர். இங்கே இருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வந்திருக்கும்.

நல்ல சட்டம்தான். ஆனால் 10 மீட்டருக்குக் கீழே இருக்கும் கரைகள் இதற்குள் வராது. ரிசார்ட்டுக்காக, எஸ்டேட்டுக்காக ஓடையை மறித்துப் போடும் சின்னக் கரைகள் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தான் இருக்கும். ஒடுக்கமான பள்ளத்துக்கு மேலே நின்றால் சின்னக் கரையும் ஆளை அடிக்கும். இவற்றைக் கண்காணிக்கும் கண்கள் ஊர்க்காரர்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

அதனால் அடுத்தமுறை ஏதோ ஒரு ஏரியில் படகு டிக்கெட் எடுக்கும்போது, ஐந்தே நிமிடம் கரையையும் பாருங்கள்.

* கலிங்கு எங்கே இருக்கிறது? வலை, பலகை, மணல் மூட்டை, ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறதா? மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் கலிங்கில் வலை கட்டுவது நம் பக்கமும் நடப்பதுதான்.
* கலிங்கிலிருந்து போகும் ஓடை திறந்திருக்கிறதா, அதன் மேல் வீடும் கடையும் வந்துவிட்டதா?
* கரையின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா, நடுவில் குழிந்திருக்கிறதா? பாதைக்காகவோ பார்க்கிங்குக்காகவோ வெட்டியிருக்கிறார்களா?
* கரையின் வெளிப்பக்கம் பெரிய மரங்கள், வளைகள், ஈரக்கசிவு தெரிகிறதா? கசிவு கலங்கலாக வருகிறதா?
* மதகைத் திறக்கும் திருகு, துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கிறதா?

சரியில்லாத எதையாவது பார்த்தால் போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, கலெக்டர் அலுவலக மனுநீதி நாளிலோ முதல்வரின் 1100 உதவி எண்ணிலோ சொல்லுங்கள். உள்ளாட்சியிடமும் பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை அலுவலகங்களிலும் எழுத்தில் கொடுங்கள். மோரலின் கடிதத்துக்கு நடந்தது நடக்காமல் இருக்க, ரசீது வாங்கி வையுங்கள். பதில் வரவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். ஃபுல்டன் அறிக்கை கொடுத்ததற்கும் அணை உடைந்ததற்கும் நடுவில் 9 வருஷம் இருந்தது. ஒரு கலிங்கிலிருந்து வலையை எடுக்க ஒரு நாள் போதும்.